இன்றைய சிறப்பு விருந்தினர்: நீங்கள்

பத்மாசினி உரையறைக்குள் நுழைந்தபோது அவளுடைய சிறப்பு விருந்தினர் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தாள். ஐம்பத்தெட்டு வயதுக்காரி. நரைத்த பின்னல். பத்மாசினியின் அதே மூக்கு, அதே மூக்குத்தி.

"வா பத்மா. காலையில இருந்து தண்ணி குடிச்சியா?" என்றாள் விருந்தினர்.

"இல்லீங்க" என்றாள் பத்மாசினி. இருபது ஆண்டு மூத்த தன்னையே அவள் 'ங்க' போட்டுத்தான் பேசினாள். கோயம்புத்தூர்க்காரி, வேறு எப்படிப் பேசுவாள்?

பத்மாசினி வேலை பார்த்த நிறுவனத்தின் தொழில் மன்னிப்புக் கேட்பது. கடை, வங்கி, பேருந்துச் சீட்டு என்று எல்லாவற்றையும் இயந்திரங்களே பார்த்துக்கொண்ட காலம் அது. இயந்திரம் தவறு செய்தால் மனிதக் குரல்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று சட்டம் இருந்தது. சரவணம்பட்டியில் ஆறு மாடி முழுக்க ஆட்கள் உட்கார்ந்து, தாங்கள் செய்யாத தவறுக்குத் திட்டு வாங்கிக்கொண்டிருந்தார்கள். திட்டு வாங்கி வாங்கி அவர்களுக்குத் தூக்கம் போயிற்று, சர்க்கரை ஏறிற்று. நிறுவனம் சும்மா இருக்கவில்லை. மாதம் ஒரு சிறப்பு விருந்தினரை அழைத்து உடல்நலம் பற்றிப் பேசவைத்தது. இதய மருத்துவர் வந்தார், யோகா மாஸ்டர் வந்தார், ஓய்வுபெற்ற ஓட்டக்காரர் ஒருவர் வந்து எல்லோரையும் ஓடச் சொன்னார். ஆட்கள் கை தட்டி, போண்டா தின்றுவிட்டு, மறுபடி திட்டு வாங்கப் போனார்கள்.

நலப்பிரிவு அதிகாரி மங்கையற்கரசிதான் வருமுகக் கருவியை வாங்கலாம் என்று யோசனை சொன்னவள். மணிக்கட்டில் ஒரு பட்டை கட்டிவிடுவார்கள். நாடித்துடிப்பு, தூக்கம், சர்க்கரை, குரலின் நடுக்கம் எல்லாவற்றையும் அது ஆறு மாதம் சேகரிக்கும். இதே போக்கில் போனால் இருபது ஆண்டில் நீங்கள் எப்படி ஆவீர்கள் என்று கருவி கணக்கிட்டு, அந்த ஆளை ஒளியால் எழுப்பி உங்கள் எதிரே உட்காரவைத்துப் பேசவைக்கும். அதுதான் உங்கள் வருமுகம். ஊரார் புத்திமதி காதோடு போய்விடும், சொந்த இருமல் அப்படிப் போகாது. தன் வருமுகம் ஒரு வாக்கியத்துக்குள் மூன்று முறை மூச்சு வாங்கியதைப் பார்த்த மேற்பார்வையாளர் ஒருவர் சிகரெட் பெட்டியை அங்கேயே நசுக்கிப் போட்டார். கேண்டீனில் போண்டா மிஞ்சியது. மங்கைக்கு உண்மையாகவே மகிழ்ச்சி. அவள் கெட்டவள் இல்லை.

ஆனால் வருமுகங்களுக்குக் கணக்கு தெரியும். தண்ணீர், நடை, தூக்கம் எல்லாம் சொல்லி முடித்ததும் அவை நோயின் வேருக்கு வந்தன. "இந்த வேலைய விட்டுரு" என்று ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கின. ஒரே வரிசையிலிருந்து மூன்று பேர் ராஜினாமா கொடுத்தார்கள். நிர்வாகி ஜெயசீலன் மங்கையைக் கூப்பிட்டார்.

"உடல்நல உரைன்னா உடல்நலத்த மட்டும் பேசணும் மங்கை. ஆபீஸ் எதுக்கு அதுல வருது?"

"கணக்கு அப்படி வருதுங்க சார்."

"ஒரு டாக்டரக் கூப்பிட்டு மேடை குடுத்தா, அவர் நம்மளயே திட்டுவாரா? விருந்தாளிக்கு ஒரு நாகரிகம் வேண்டாமா?"

மங்கை வருமுகங்களுக்கு வாய்ப்பூட்டுப் போட்டாள். வேலை, ஷிப்ட், விடுப்பு, மேலாளர், வேலையால் வந்த நோய் என்ற பேச்சே அவற்றின் வாயில் வராது. நார்ச்சத்து வரும், மூச்சுப் பயிற்சி வரும்.

நல வாரத்தின்போது வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் வந்தார்கள். அரங்கு நிறைய ஆட்களுக்கு நடுவே ஒரு வருமுகத்தை மேடையேற்றிக் காட்ட ஏற்பாடாயிற்று. பத்மாசினியுடையதைத் தேர்ந்தெடுத்தார்கள். அவளைப் போல உருகி மன்னிப்புக் கேட்க அங்கே ஆள் கிடையாது. ஒளியால் ஆனவள் என்றாலும் சிறப்பு விருந்தினர், ஆகவே பொன்னாடை உண்டு. ஜெயசீலன் அதையும் ஒளியிலேயே செய்யச் சொல்லியிருந்தார். அவர் போர்த்துவது போல் கையை நீட்ட, சரிகைச் சால்வை வருமுகத்தின் தோளில் விழுந்தது. வருமுகம் கைகூப்ப எழுந்தது. வலது கை வந்தது. இடது கை வரவில்லை, துணி போலத் தொங்கியது. சிரித்தபோது வாய் ஒரு பக்கமாகப் போயிற்று.

"தினமும் பத்து நிமிஷம் நடங்க" என்றது, அந்தக் கோணல் வாயால்.

யாரோ தொடங்கிவைக்க எல்லோரும் கை தட்டினார்கள்.

மறுநாள் பத்மாசினி மங்கையின் அறைக்கு வந்தாள்.

"மேடம், அந்தம்மாளுக்குக் கை வரலீங்க."

"பாத்தேன் பத்மா."

"தனியாப் போய்க் கேட்டுப் பாத்தேனுங்க. கைக்கு என்னாச்சுன்னா, தண்ணி குடிங்கறா. எப்ப ஆச்சுன்னா, மூச்ச இழுத்து விடுங்கறா. எனக்கு இப்பவே விரல் அப்பப்ப மரத்துப் போகுதுங்க மேடம். வெள்ளிக்கிழம ஸ்கேனுக்குச் சொல்லி வச்சிருக்கேன். லீவு மட்டும் வாங்கிக் குடுங்க."

மங்கை போய்க் கேட்டாள். ஜெயசீலன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இந்த வெள்ளியா? தீபாவளி விற்பனை. மிஷினுங்க ஊரு பூரா தப்புத் தப்பா அனுப்பி வச்சிருக்கு. மன்னிப்புக் கேக்க அவ இல்லாட்டி யாரு? அப்புறம், அந்த உருவத்தையும் கொஞ்சம் சரி பண்ணுங்க. அதப் பாத்தா யாருக்கு ஊக்கம் வரும்?"

மங்கை சரி பண்ணினாள். திரையில் விரலால் ஒரு கோட்டை நகர்த்தினால் போதும், கை எழுந்துவிடும், கன்னம் நிரம்பிவிடும். பிறகு பத்மாசினியிடம் போய், "கருவியில கோளாறு பத்மா. சரியாயிடுச்சு. நீங்களே போய்ப் பாருங்க" என்றாள். 'லீவு எல்லாம் நான் பாத்துக்கறேன், ஸ்கேனுக்குப் போங்க' என்று சொல்லவும் அவ்வளவு மூச்சுதான் செலவாகியிருக்கும்.

உரையறையில் வருமுகம் இரண்டு கையும் கூப்பி நின்றது. "எனக்கென்ன பத்மா, நல்லா இருக்கேன்" என்றது. பத்மாசினி அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள், அவ்வளவு நிம்மதி. மருத்துவர் ஒன்றுமில்லை என்றால் இன்னொரு மருத்துவரைப் பார்க்கலாம். இருபது ஆண்டு கடந்து தானே திரும்பி வந்து நல்லா இருக்கேன் என்று சொன்னால் யார்தான் நம்ப மாட்டார்கள்? ஸ்கேனை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை, இரண்டும் இடது கால் செருப்பாக வந்துவிட்டன என்று கத்திய ஒருவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தபோது அவள் நாக்கு குழறியது. அவர் அவள் குடித்திருக்கிறாள் என்று நினைத்துப் புகார் பதிந்தார். மேற்பார்வையாளர் அந்தப் புகாரை விசாரிக்க வந்துதான் அவள் நாற்காலியிலிருந்து சரிந்து கிடப்பதைப் பார்த்தார்.

உயிர் பிழைத்தாள். இடப்பக்கமும் பேச்சும் போய்விட்டன. நிறுவனம் பழக்கூடை அனுப்பியது. இன்னொரு காரியமும் செய்தது. ஊழியர்களுக்கு மிகவும் பிடித்த வருமுகம் எது என்று பார்த்ததில் திருத்திய பத்மாசினிதான் முதலில் வந்தாள். ஆகவே புதிதாகச் சேர்கிறவர்களுக்கெல்லாம் முதல் நாள் சிறப்புரை அவளுடையதாயிற்று. பத்மாசினியின் சம்பளப் பாக்கியை வாங்க வந்த அவள் கணவர் அரங்கின் கதவுக்கு வெளியே அந்தக் குரலைக் கேட்டு நின்றுவிட்டார். "உள்ள போய் உக்காந்து கேக்கலாமுங்களா?" என்று மங்கையிடம் கேட்டார். ஊழியர்களுக்கு மட்டும்தான் அனுமதி என்று மங்கை சொல்ல வேண்டியிருந்தது.

அன்று மாலையே மங்கை உரையறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். தன் வருமுகத்துக்கு இருந்த பூட்டு, திருத்தம் எல்லாவற்றையும் எடுத்தாள். தனக்கு வரப்போகும் தண்டனையைப் பார்த்துவிட வேண்டும் அவளுக்கு. தூக்கம் கெட்டு, உள்ளுக்குள் அரித்துப்போன ஒரு கிழவியை எதிர்பார்த்தாள். அப்படி ஒருத்தி வந்து தன்னை வாய்க்கு வந்தபடி ஏசினால் பாரம் குறையும் என்றிருந்தது.

வந்தவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். தோல் மினுங்கியது, கண் தெளிவாக இருந்தது. ஏதோ திருத்தம் மிச்சமிருக்கிறது என்று மங்கை திரையை மறுபடி பார்த்தாள். ஒன்றுமில்லை.

"தூக்கம் வருதா?" என்று கேட்டாள்.

"படுத்தாப் போதும். எனக்கு இந்த வேலை ஒத்துப்போச்சு."

மங்கையின் மணிக்கட்டுப் பட்டைதான் அந்தக் கணக்குக்கு ஆதாரம். பத்மாசினி விழுந்த வாரம் மங்கை கண்ணே மூடவில்லை. அடுத்த வாரம் கொஞ்சம் மூடினாள். நேற்று விடியும்வரை புரளவே இல்லை. ஒரு மனம் எதை எவ்வளவு காலம் சுமக்கும் என்பதும் அந்தப் போக்கிலிருந்து கணக்கிடக்கூடியதுதான்.

"பத்மாசினிய நினைவிருக்கா?" என்றாள் மங்கை.

வருமுகம் நெற்றியைச் சுருக்கி, மரியாதைக்குக் கொஞ்ச நேரம் யோசித்தது.

"யாரு? நம்ம ஆபீஸ்ல இருந்தவங்களா?"