வளைவில் சாயாத கார்

போன் அடித்தது.

இன்ஸ்பெக்டர் எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம். கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய லீவு. சோபாவில் காலை நீட்டி, இடுப்புக்கு ஒரு தலையணையைக் கொடுத்து, அப்போதுதான் கண்ணை மூடியிருந்தார் அந்த அம்மாள்.

போன் நின்றது. மறுபடி அடித்தது.

"எடுத்துத் தொலையேன்..." என்றார் கணவர், அடுப்படியிலிருந்து. "நீ எடுக்கற வரைக்கும் உங்க ஏட்டு விடமாட்டார்."

ஏட்டுதான்.

மலைப்பாதையின் பெரிய வளைவில் ஒரு ஜீப் கவிழ்ந்துவிட்டது. ஓட்டி வந்தவர் அந்த இடத்திலேயே முடிந்துவிட்டார். வெறும் விபத்துதான், மேடம் வரவேண்டிய அவசியமே இல்லை என்று ஆரம்பித்த ஏட்டு, வந்தால் நல்லது என்று முடித்தார்.

"வரணுமா, வேண்டாமா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க."

"வாங்க மேடம்... அந்த ஜீப்போட அடிவயிறு எனக்கு என்னவோ பிடிக்கலை."

இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டபடி எழுந்து செருப்பைத் தேடினார்.

ஜீப், மல்லாந்த கரப்பான்பூச்சி மாதிரி நாலு சக்கரத்தையும் மேலே தூக்கிக்கொண்டு கிடந்தது.

பக்கத்தில் வெள்ளைத் துணி. துணிக்கடியில் ஒரு கட்டட கான்ட்ராக்டர்.

கொஞ்சம் தள்ளி ஒரு மஞ்சள் ஸ்போர்ட்ஸ் கார். தரையோடு தரையாகப் படுத்திருந்தது. ஒரு கீறல் இல்லை. அதன் சொந்தக்காரர் சாலையோரச் சுவரில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடியிருந்தார்.

பல் டாக்டர். இறந்துபோனவரின் மனைவிக்குக் கூடப் பிறந்த அண்ணன்.

விசாரித்ததில் அவர் சொன்னது இவ்வளவுதான். தங்கை வீட்டுக்கு வந்திருந்தார். அங்கிருந்து இருவரும் கிளம்பினார்கள், இவர் காரில், மாப்பிள்ளை ஜீப்பில். சும்மா ஒரு விளையாட்டுப் போட்டி. இவர் வளைவில் திரும்பினார். கண்ணாடியில் பார்த்தார். ஜீப் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. சாய்ந்துகொண்டே இருந்தது. பிறகு கண்ணாடியில் ஜீப் இல்லை.

"எவ்ளோ வேகம்?"

"கவனிக்கலை மேடம். என் கார் திரும்பிடுச்சு... அவரோடது திரும்பலை."

இன்ஸ்பெக்டருக்கு அலுப்பாக இருந்தது. வயசான ஆம்பளைங்க, சின்னப் பிள்ளைங்க விளையாட்டு. வாராவாரம் ஒன்று. படம் எடுத்து, அளந்து, எழுதி, வீட்டுக்குப் போய்விடலாம்.

ஏட்டு விடவில்லை. கிரேனோடு வந்திருந்த மெக்கானிக்கைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்.

"மேடத்துக்கும் காட்டுப்பா."

மெக்கானிக் ஜீப்பின் அடியில், இல்லை, இப்போது மேலே இருந்த அடியில், ஒரு வளைந்த இரும்புக் கம்பியைத் தொட்டான். சக்கரத்துக்குச் சக்கரம் குறுக்காகப் போகும் கம்பி. அதன் இரண்டு முனைகளும் எதையும் பிடிக்காமல் அந்தரத்தில் நின்றன.

"இது ஸ்வே பார் மேடம். நாங்க ஸ்டெபிலைசர் ராடுன்னு சொல்வோம். வளைவுல திரும்புறப்போ வண்டி வெளிப்பக்கமா சாயும் பாருங்க, அப்போ இது முறுக்கிக்கிட்டு நின்னு ரொம்ப சாயவிடாம பிடிக்கும். ரெண்டு முனையிலயும் லிங்க்னு ஒண்ணு இருக்கும், அதுதான் இதைச் சக்கரத்தோட சேர்க்கறது. அந்த லிங்க் இங்க இல்லை. முன்னாலயும் இல்லை, பின்னாலயும் இல்லை."

"விழுந்ததுல உடைஞ்சிருக்கும்."

"உடைஞ்சா மிச்சம் தொங்கும். இது ஸ்பேனர் போட்டுக் கழட்டினது. பொறுமையா உட்கார்ந்து கழட்டியிருக்காங்க."

இன்ஸ்பெக்டர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"இது இல்லாம ஓட்ட முடியாதா?"

"மெதுவா போனா ஒண்ணும் தெரியாது மேடம். வேகமா திரும்பினா குடிகாரன் மாடிப்படி இறங்கற கதைதான். அதுவும் இவ்ளோ உயரமான வண்டி..."

சொல்லிவிட்டு மெக்கானிக் எண்ணெய்க் கையைத் துடைத்தான். மஞ்சள் காரை ஒரு பார்வை பார்த்தான்.

"இன்னும் ஏதோ இருக்கு. சொல்லு."

அவன் சொன்னான். டாக்டரின் காருக்குப் போன வாரம்தான் அவனே ஸ்வே பார் மாற்றிக் கொடுத்திருந்தான். முன்னாலும் பின்னாலும் கம்பெனிக் கம்பியைக் கழற்றிவிட்டு அதைவிடத் தடிமனான கம்பி. கம்பியைப் பிடித்து நிறுத்தும் நைந்துபோன ரப்பர் புஷ்ஷுக்குப் பதிலாக இறுக்கமான புஷ். பின்பக்கக் கம்பியை எவ்வளவு விறைப்பாக வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். டாக்டர் இருப்பதிலேயே விறைப்பாக வைக்கச் சொன்னாராம். மழையில் வால் வழுக்கிக்கொண்டு போகும் என்று இவன் மறுத்து, நடுத்தரமாக வைத்துக் கொடுத்தானாம். ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு வந்த டாக்டர், தண்டவாளத்தில் போகிற மாதிரி இருக்கிறது என்று இவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டாராம்.

இன்ஸ்பெக்டர் ஜீப்பைப் பார்த்தார். காரைப் பார்த்தார்.

ஒரு வண்டிக்குக் கம்பி தடித்திருக்கிறது. இன்னொரு வண்டிக்குக் கம்பியே வேலை செய்யவில்லை. ஒரே சாலை. ஒரே போட்டி.

"ஏட்டு..."

"மேடம்?"

"டாக்டரை நம்ம வண்டியில ஏத்துங்க. அந்த மஞ்சள் கார்ல இல்ல."

ஸ்டேஷனில் மின்விசிறி சுற்றியது. காற்று வரவில்லை.

டாக்டர் எதையும் மறைக்கவில்லை. காருக்குக் கம்பி மாற்றியதை ஒத்துக்கொண்டார். வாரம் முழுக்க அடுத்தவர் வாய்க்குள்ளேயே குனிந்து கிடக்கிறவன் நான், அந்த மலைப்பாதை ஒன்றுதான் எனக்கு மூச்சு விடுகிற இடம் என்றார்.

இன்ஸ்பெக்டர் பேச்சைத் தங்கையின் பக்கம் திருப்பினார். மாப்பிள்ளை எப்படிப்பட்டவர்?

டாக்டர் மேஜையைப் பார்த்தபடி பேசினார். தங்கைக்கு மணிக்கட்டு உடைந்தது. குளியலறையில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னாள். பிறகு தோள்பட்டை. அதுவும் வழுக்கித்தான். தான் வெறும் பல் டாக்டர்தான், ஆனாலும் வழுக்கி விழுந்த கை எப்படி உடையும், முறுக்கின கை எப்படி உடையும் என்று தெரியாதா என்றார். கேட்டால் அவள் வாயே திறக்கமாட்டாள்.

"அந்த ஜீப்ல ஸ்வே பார் லிங்க் எல்லாத்தையும் யாரோ கழட்டியிருக்காங்க டாக்டர்."

டாக்டர் நிமிர்ந்தார். முகத்தில் நிஜமான திகைப்பு.

அது மெல்ல மெல்ல வேறொன்றாக மாறியது. அவர் பார்வை கதவைத் தாண்டி வெளியே போனது. அங்கே பெஞ்சில் அவர் தங்கை உட்கார்ந்திருந்தாள். வெயில் காலத்தில், மணிக்கட்டு வரை கை வைத்த சட்டையில்.

"நான்தான்," என்றார் டாக்டர்.

"என்ன நான்தான்?"

"நான்தான் செஞ்சேன். என் தங்கச்சிக்கு இதுல எந்தச் சம்பந்தமும் இல்லை."

"எப்படி செஞ்சீங்க?"

"ரம்பத்தால... அறுத்தேன்."

இன்ஸ்பெக்டர் கண்ணை மூடித் திறந்தார். அவரை அங்கேயே உட்காரச் சொல்லிவிட்டு வெளியே வந்தார். பின்னாலேயே ஏட்டு ஓடிவந்தார். ஆள் ஒத்துக்கொண்டாரே, அப்புறம் என்ன என்று அவருக்குக் குழப்பம்.

"ஒத்துக்கிட்டார், சரி. செஞ்ச ஆள் மாதிரி தெரியலையே ஏட்டு."

தங்கையை உள்ளறைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். கொடுத்த தண்ணீரை அவள் குடிக்கவில்லை. புருஷனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"அண்ணன் என்ன சொன்னான்?"

"ஜீப்புல கைவச்சது அவர்தான்னு சொல்றார்."

அவள் முகம் வெளுத்தது. அண்ணன் அன்றைக்கு வந்தது, சீண்டிப் பேசியது, போட்டிக்குக் கூப்பிட்டது... எல்லாவற்றையும் அவள் வரிசையாகக் கோத்துப் பார்ப்பது இன்ஸ்பெக்டருக்கு அப்பட்டமாகத் தெரிந்தது.

"பொய்," என்றாள். "அவனுக்கு ஒண்ணும் தெரியாது. நான்தான் கழட்டினேன்."

"எதை வச்சுக் கழட்டினீங்க?"

"ஸ்க்ரூ டிரைவர்."

இன்ஸ்பெக்டர் நாற்காலியில் சாய்ந்து கூரையைப் பார்த்தார். கொலைகாரன் கிடைக்காமல் மாதக்கணக்கில் அலைந்திருக்கிறார். ஒரு ஜீப்புக்கு இரண்டு கொலைகாரர்கள் கிடைத்து, இரண்டு பேருக்கும் ஒரு ஸ்பேனரைப் பிடிக்கத் தெரியாமல் போனது இதுதான் முதல் முறை.

அண்ணன் தங்கையைக் காப்பாற்றுகிறார். தங்கை அண்ணனைக் காப்பாற்றுகிறாள். இரண்டு பேரும் செய்யவில்லையென்றால்...

"கிளம்புங்க ஏட்டு. இவங்க குடியிருக்கற அடுக்குமாடியில கேமரா இருக்கும்."

இருந்தது. கீழ்த்தள பார்க்கிங்கில், தூணுக்கு மேலே. காவலாளி தூக்கக் கலக்கத்தோடு முந்தின நாள் பதிவை ஓடவிட்டான்.

வெறும் தூண்கள். ஒரு பூனை. யாரோ ஒருவர் பையோடு போனார். மறுபடி பூனை.

ஏட்டு கொட்டாவி விட்டார். இன்ஸ்பெக்டருக்கும் தொற்றிக்கொண்டது.

பிறகு ஜீப்புக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

"நிறுத்து. மெதுவா ஓட்டு."

கால்கள் நெளிந்தன. வெகு நேரம். கடைசியில் ஓர் ஆள் ஊர்ந்து வெளியே வந்தான். கையில் நீளமான ஸ்பேனர். எதையோ துணியில் சுற்றிப் பையில் போட்டான். எழுந்து, ஜீப்பின் பக்கவாட்டில் கையை வைத்து ஒரு தள்ளு தள்ளினான். ஜீப் ஆடியது. இன்னொரு தள்ளு. இன்னும் நன்றாக ஆடியது. திருப்தியோ என்னவோ, கையைத் துடைத்துக்கொண்டே வெளிச்சத்துக்குத் திரும்பினான்.

ஏட்டு நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"மேடம்... இது..."

"தெரியுது."

மதியம் வெள்ளைத் துணிக்கடியில் பார்த்த முகம்.

கட்டட கான்ட்ராக்டர்.

இன்ஸ்பெக்டர் மெக்கானிக்குக்கு போன் போட்டார். டாக்டர் காருக்குக் கம்பி மாற்றும்போது கூட யாராவது இருந்தார்களா?

மாப்பிள்ளை வந்திருந்தாராம். பூராவும் கிண்டலாம். கடைசியில் ஒன்று கேட்டாராம், இந்தக் கம்பி இல்லாமலே ஓட்டினால் என்னவாகும் என்று. காட்டுப் பாதையில் மெல்லப் போகக் கழற்றிவிட்டுப் போகிறவர்கள் உண்டு, மலையிலிருந்து வேகமாக இறங்கினால் மட்டும் ஆளைத் தூக்கி எறிந்துவிடும் என்று இவன் விளக்கம் சொல்லியிருக்கிறான்.

"நான் சாதாரணமாத்தான் சொன்னேன் மேடம்..." என்றான்.

"உன்மேல தப்பில்லப்பா. போய் வேலையைப் பாரு."

சாயங்காலம் அண்ணனையும் தங்கையையும் ஒரே அறையில் உட்காரவைத்தார்கள். ஒருவர் ஒத்துக்கொண்டதை மற்றவருக்கு ஏட்டு ஏற்கெனவே சொல்லியிருந்தார். ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

"ஒரே ஒரு கேள்விதான்," என்றார் இன்ஸ்பெக்டர். தங்கையிடம். "இன்னிக்கு அந்த ஜீப்பை யார் ஓட்டறதா இருந்துச்சு?"

அவள் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"சொல்லும்மா."

"நான்... நான் மட்டும்."

டாக்டர் சட்டென்று திரும்பினார்.

அவள் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். இனிமேல் இருக்கமுடியாது, அம்மா வீட்டுக்கே போய்விடுகிறேன் என்று வெள்ளிக்கிழமை புருஷனிடம் சொல்லிவிட்டாளாம். அடி விழும் என்று சுவரோரமாக நின்றுதான் சொன்னாளாம். அடிக்கவில்லை. கத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஜீப்பை எடுத்துக்கொண்டு போ என்றாராம்.

"அவ்ளோ அன்பா அவர் பேசி நான் கேட்டதே இல்லை. மலை இறங்கறப்போ ரொம்ப மெதுவா போகாதே, பின்னால வர்ற லாரி நெருக்கும்னு வேற சொன்னார். எனக்கு அழுகையே வந்துடுச்சு..."

விரலால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"சாவி என் கையிலதான் இருந்துச்சு. அப்போதான் அண்ணன் வந்தான்."

டாக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். தங்கை கிளம்புவதே தனக்குத் தெரியாது என்றார். புதுக் கம்பி போட்ட காரைக் காட்டத்தான் வந்தார். மாப்பிள்ளை முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்ததைப் பார்த்து வழக்கம்போல வம்புக்கு இழுத்தார்.

"உங்க ஜீப்பால என் காரைத் தொடக்கூட முடியாது மாப்ளேன்னேன். அவ்ளோதான் சொன்னேன்."

"சாவியை என் கையிலேருந்து பிடுங்கிக்கிட்டு ஓடினார்," என்றாள் தங்கை. "நகம் கீறிடுச்சு."

புறங்கையைக் காட்டினாள். சின்னக் கீறல். அவள் உடம்பில் அந்த மனிதன் போட்ட கடைசிக் கீறல்.

கேமராவில் பார்த்ததை இன்ஸ்பெக்டர் நிதானமாகச் சொன்னார். இரண்டு வாக்கியம்தான். அதற்கு மேல் தேவைப்படவில்லை.

தங்கை வெகு நேரம் அந்தக் கீறலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"ரம்பத்தால அறுத்தேன்னு சொன்னியாமே?"

"நீ மட்டும்? ஸ்க்ரூ டிரைவராம்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் அது அழுகையாகிவிட்டது. அண்ணனின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். டாக்டர் அவள் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தார், சின்ன வயதில் தூங்கவைத்த மாதிரி.

இன்ஸ்பெக்டர் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தார். கால் கெஞ்சியது.

ஏட்டுக்கு இன்னும் ஆறவில்லை. தன் கையாலேயே கழற்றின வண்டி என்று அந்த ஆளுக்கு எப்படி மறந்துபோகும் என்றார்.

"கோபம் வந்தா பெத்த பிள்ளை பேரே மறந்துடும் அந்த மாதிரி ஆளுங்களுக்கு. கழட்டின நட்டா ஞாபகம் வரப்போகுது?"

ஏட்டு பேனாவைத் திறந்து, தாளை இழுத்துப் போட்டுக்கொண்டு, எழுதத் தெரியாமல் விழித்தார்.

"கொலை முயற்சின்னு போடறேன் மேடம். செத்தவர் யாருன்னு போடட்டும்?"

"கான்ட்ராக்டர்."

"கொன்னவர்?"

"அவரேதான்."

"அப்போ உடனே கைது பண்ணணுமே மேடம்..."

இன்ஸ்பெக்டர் ஸ்டேஷன் ஜீப் சாவியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.

"நாளைக்குப் பார்த்துக்கலாம் ஏட்டு. ஆள் மார்ச்சுவரியிலதான் இருக்கார். முன்ஜாமீன் வாங்கிடமாட்டார்."