விட்டுக்கொடுக்காதே, சாய்ராம்!

"உங்க வீட்ல யாருக்கும்மா இங்கிலீஷ் தெரியும்?"

டெல்லியில் கல்லூரியில் சேர்ந்த அன்று அலுவலகத்தில் ஒருவர் இந்தியில் கேட்டார். "எனக்குத் தெரியும் சார்" என்று ஆங்கிலத்திலேயே சொன்னாள் மேகலா.

இப்போது நான்காம் ஆண்டு. ஆனர்ஸ் ஆய்வேட்டுக்கு வழிகாட்டி வேண்டும். ஜ்யோத்ஸ்னா மேடத்திடம் ஒரே ஓர் இடம்தான் மிச்சம். ஆய்வுத் திட்டத்தை நெஞ்சோடு அணைத்தபடி மழையில் படியேறி ஓடினாள். எதிரே வந்தவன் மோதினான். தாள்கள் எல்லாம் தண்ணீரில்...

"எருமை..." தமிழில் முணுமுணுத்தாள்.

"சாரிங்க! எருமை பேரு சாய்ராம். லோதி ரோடு கவர்மென்ட் குவார்ட்டர்ஸ்ல கட்டிவெச்சிருந்தாங்க. இன்னிக்கு அறுத்துக்கிட்டு வந்துடுச்சு."

நாக்கைக் கடித்துக்கொண்டாள். மழைத்துளி தங்கிய இமைகளுக்குள் என்ன குறும்பு...

தாள்களை மின்விசிறிக்கு அடியில் பரப்பியவன், அப்படியே அவள் ஆய்வுத் திட்டத்தைப் படிக்கத் தொடங்கிவிட்டான். விடியற்காலையில் வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் கை காட்டியும் நிற்காத பேருந்துகள். அதனால் அவர்களிடமிருந்து கைநழுவும் வேலைகள்.

"முதல்ல வர்ற இந்த அம்மா..."

"எங்க அம்மா."

அவன் கண்களில் குறும்பு அடங்கியது. நேராக மேடத்தின் அறைக்குள் போய்த் திரும்பினான்.

மேகலாவின் முறை வந்தது. "சாய்ராமும் கேட்டிருந்தான். இப்போது விலகிவிட்டான். இடம் உனக்குத்தான்" என்றார் மேடம்.

ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது... ஆனால் ஏன் இப்படிக் கசக்கிறது?

"ஒரு நிமிஷம் மேம்!" வெளியே ஓடினாள்.

"ஏய், நில்லு! யாரைக் கேட்டு விலகினே?"

"நீங்க எழுதினா நல்லா இருக்கும்னு..."

"எங்க அம்மாவை நெனச்சுப் பாவம்னு தோணிச்சா? எங்களுக்கு யாரும் விட்டுத்தர வேணாம். தைரியம் இருந்தா உள்ள வந்து பேசு!"

வந்தான். பேசினான். எவ்வளவு நன்றாகப் பேசினான்! தோற்றுவிடுவேனோ... மேகலா தன் ஈரத் தாள்களை எடுத்து மேசையில் வைத்தாள்.

மேடம் அவள் பக்கம் திரும்பினார். "சொந்த அம்மாவைப் பற்றி நீயே எழுதினால் நடுநிலை எங்கே இருக்கும்?"

"தப்பு இருந்தா காட்டுங்க மேம், திருத்துறேன். ஆனா அந்த பஸ் ஸ்டாப்ல நின்னவங்க யாரும் இதுவரைக்கும் எழுதல. நான் நின்னிருக்கேன்."

மேடம் பேனாவை எடுத்தார். மேகலாவின் பெயரை எழுதினார்.

வெளியே மழை விடவில்லை. சாய்ராம் தூணில் சாய்ந்து நின்றிருந்தான்.

"உள்ள நான் விட்டுக்குடுக்கல. நெஜமாவே தோத்தேன்."

"தெரியும்." அவள் தலை நிமிர்ந்தே இருந்தது.

"இன்னொண்ணும் நெஜம், மேகலா... உன்னை எனக்குப் பிடிச்சிருக்கு. பாவம்னு இல்ல. என்னைத் திட்டி உள்ள இழுத்துட்டுப் போனே பாரு... அப்பவே."

மேகலாவின் கன்னம் சுட்டது. பையிலிருந்து குடையை எடுத்து விரித்தாள். படியிறங்கி நடந்தாள், மெல்ல... தன் தோள் நனைய, குடையின் பாதியைக் காலியாக விட்டபடி.