கத்தார் நேரத்தில் வீசிய காற்று

படகிலிருந்து இறங்கிய நாலு வெள்ளைக்காரரும் அவித்த இறால் நிறத்தில் இருந்தார்கள். ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை. விரிக்கவே படாத கைட்டுகளைத் தோளில் போட்டுக்கொண்டு அக்கீலாவைத் தாண்டி விறுவிறுவென்று லொட்ஜுக்குள் போனார்கள்.

அக்கீலாவுக்கு வந்ததே கோபம்! கண்டக்குழியில் அந்த லொட்ஜுக்குக் காற்றுப் பார்த்துச் சொல்பவள் அவள்தான். காலையில் முன்னறிவிப்பைப் பார்த்து, கைட் என்னும் பெரிய பட்டத்தின் இழுப்பில் அலைமேல் சறுக்குகிறவர்கள் எத்தனை மணிக்குக் கடலில் இறங்கலாம் என்று சொல்வாள். சோளகக் காற்று ஓயப் போகிற செப்டம்பர் கடைசி... இன்றைக்குப் பன்னிரண்டு மணிக்குப் பிறகுதான் காற்று என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். அப்படியிருக்க, காலையிலேயே இவர்களைத் தீவில் கொண்டுபோய்க் காயப் போட்டது யார்?

படகில் கயிறு சுற்றிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான். புது முகம்.

"நானா, ஒம்பதரைக்கிக் காத்து வரும் எண்டு ஒங்களுக்கு ஆரு சென்ன?"

"என்ட ஃபோன் சென்னிச்சி. ஒங்கட ஃபோன்தான் சோம்பேறி போல... பன்னெண்டு மணி எண்டு செல்லுது."

"தாங்க பாப்பம்."

வாங்கிப் பார்த்தாள். ஒன்பதரைக்குக் காற்று எழும்பும் என்றுதான் இருந்தது. தவறு தன்னுடையதுதானோ? பிறகு திரையின் மூலையைப் பார்த்தாள். இங்கே மணி பதினொன்று. அவன் ஃபோனில் எட்டரை.

"இது எந்த ஊரு நேரம்?"

அவன் தலையில் கை வைத்தான். "யா அல்லாஹ்... கத்தார்!"

சொல்லிவிட்டு வாய்விட்டுச் சிரித்தான். வெயிலுக்குச் சுருங்கிய கண்கள் சிரிப்பில் இன்னும் சுருங்கின. நல்ல கண்கள்தான்... 'சீ, என்ன நினைப்பு இது' என்று தன்னையே அதட்டிக்கொண்டாள்.

பெயர் ஸியாத். பக்கத்து ஊரான எத்தாளைக்காரன். கத்தாரின் தோஹாவில் வேலை. லீவில் வந்து, கை முறிந்த மச்சானின் படகை ஓட்டுகிறான்.

"கை மணிக்கூட்டுல ஊரு நேரம், ஃபோன்ல அந்த நேரம். திரும்பிப் போறவன்தானே... மாத்தல்ல."

பன்னிரண்டு மணிக்குக் காற்று வந்தது. வெள்ளைக்காரரும் மன்னித்தார்கள். அக்கீலாவும்தான்.

அன்றிலிருந்து தினமும் காலையில் அவர்களுக்குள் காற்றைப் பற்றித்தான் கதை. "சராசரி வேகம் பதினெட்டு நொட் எண்டா நல்லம் நானா. ஆனா இடைக்கிடை முப்பதுக்கு அள்ளி அடிக்கும் எண்டு காட்டினா, கிட்ட மழை மேகம் இரிக்கி. படகை எடுக்கப்படாது."

"அமைதியா இரிந்து திடீரெண்டு அள்ளி அடிக்கிறது... ஒங்களப் போலயா? பின்ன, கூடப் பொறந்தவனக் கூப்பிடுற மாதிரி அந்த 'நானா'வ மட்டும் விட்டுட மாட்டீங்களா?"

அவளைச் சீண்டுவதற்காகவே கத்தார் நேரத்தில்தான் மணி சொல்வான். அவளும் ரெண்டரை மணித்தியாலம் கூட்டிப் பழகிவிட்டாள்.

ஒருநாள் கேட்டான். "அடுத்த மாசம் திரும்பி வர ஃப்ளைட் போடட்டா எண்டு கம்பெனில கேக்கிறாங்க. போகவா, வேணாமா?"

'போகாதீங்க' என்று தொண்டைவரை வந்தது. வீட்டில் கூடப் பிறந்த ரிஃப்கா ராத்தாவின் பிள்ளை, குவைத்தில் இருக்கும் வாப்பாவுக்கு ஃபோன் திரையில் முத்தம் கொடுப்பதைத் தினமும் பார்க்கிறவள் அவள். அப்படியொரு வாழ்க்கை தனக்கு வேண்டாம். அதற்காக, இரு என்று கெஞ்சுவதா? அவனாகச் சொல்லட்டுமே...

"அது ஒங்கட விருப்பம்" என்றாள்.

அவன் முகம் வாடிவிட்டது. அதன்பிறகு கரைக்கே போகாமல் காற்றை எண்ணாக மட்டும் எழுதி அனுப்பினாள். 'ஓம்' என்று மட்டும் பதில் வந்தது. ஒக்டோபர் பிறந்தது. காற்றும் குறைந்தது, அவள் சோறும் குறைந்தது.

ஒரு பின்னேரம் அவன் குரல், பதிவாக ஃபோனில் வந்து விழுந்தது.

"அக்கீலா, நாளைக்கி மூணு மணிக்கி மழை எண்டு காட்டுது. உம்மாவக் கூட்டிக்கிட்டு ஒங்கட வாப்பாவப் பாக்க வரணும். மழைக்கி முந்தி வரவா, பிந்தி வரவா?"

பழக்கத்தில் ரெண்டரையைக் கூட்டினாள். ஐந்தரைக்கு மழையா? தன் ஃபோனைத் திறந்தாள். ஐந்தரைக்கு மழையே இல்லை. மூன்று மணிக்குத்தான் மழை...

மறுபடி பார்த்தாள். மூன்றுதான். அவன் ஃபோனை ஊர் நேரத்துக்கு மாற்றிவிட்டான்!

கண்ணில் நீர் முட்டியது. "கத்தாருக்குப் போகல்லையா?" என்று கேட்டு அனுப்பினாள்.

"இல்ல. மச்சானோட பங்குக்குப் படகு ஓட்டப் போறேன். ஒங்கள விட்டுட்டுப் போக ஏலாது அக்கீலா. எனக்கு ஒங்கள அவ்வளவு விருப்பம்."

வெட்கத்தில் நாலு தரம் பேசி, நாலு தரம் அழித்து, ஐந்தாம் தரம் கண்ணை மூடிக்கொண்டு அனுப்பிவிட்டாள்.

"எனக்கும் விருப்பம்தான்... மழைக்கி முந்தியே வாங்க. பெய்யத் தொடங்கினா உம்மாவும் நீங்களும் இருட்டுறவரைக்கும் எங்கட வீட்ட விட்டுப் போக ஏலாது."

உடனே பதில் வந்தது. "'நானா' எங்க? காணல்லையே!"

"அவர் கத்தாருக்குப் போய்ட்டார்" என்றாள் அக்கீலா.