நாலாம் மாடி வாடகைக்காரர்

கதவோரம் சாய்த்து வைத்திருந்த குடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஒசாகாவில் ஒரு வாரமாக மழையே இல்லை.

சிஹாரு குனிந்து பார்த்தாள். ஆண்கள் பிடிக்கும் நீளமான கறுப்புக் குடை. அதன் முனையிலிருந்து இறங்கிய ஈரம் சிமெண்டுத் தரையில் மெல்ல நெளிந்து, கதவின் அடியில் நுழைந்து மறைந்தது. அவளுக்குப் பயம் வரவில்லை. நிம்மதிதான் வந்தது. குடை இருந்தால் ஆள் இருக்கிறார். ஆள் இருந்தால் வாடகை வரும்.

இந்த ஒற்றை அறை வீடு அவளுடையது. ஆனால் உள்ளே அவள் கால் வைத்ததே இல்லை. ஆள் குடியிருக்கும் வீட்டை வாங்குகிறவருக்குக் கதவைத் திறந்து காட்ட மாட்டார்கள். இருப்பவரைத் தொந்தரவு செய்யக்கூடாதாம். வீட்டுத் தரகு கம்பெனியில் வேலை பார்க்கும் அக்கா நட்சுமேதான் அன்று தெருவில் நிறுத்தி, நாலாம் மாடி ஜன்னலில் தொங்கிய நீலத் திரையைக் காட்டினாள். "கதொவாகின்னு ஒரு பெரியவர். சத்தமே போடாத ஆளு. நீ பாட்டுக்கு வேலைக்குப் போ, வாடகை கடனக் கட்டிக்கும்." சொன்னது அக்கா. அதற்கு மேல் எதைச் சரிபார்ப்பது? பல் மருத்துவமனையில் கணக்கு எழுதும் சிஹாருவின் சம்பளத்தை நம்பி வங்கி கடன் கொடுத்தது. முப்பத்தைந்து வருடக் கடன். கையெழுத்துக்குப் பதிலாகத் தன் பெயர் முத்திரையைக் குத்திவிட்டாள்.

சில மாதம் வாடகை வந்தது. பிறகு நின்றது. கேட்டால், "பேங்க் மாத்துறாராம்" என்று அக்கா இழுத்தடித்தாள். இன்னும் ஒரு தவணையைச் சம்பளத்திலிருந்து கட்டினால் சிஹாரு தான் குடியிருக்கும் வீட்டின் வாடகையையே கட்ட முடியாது. அதனால்தான் வேலை முடிந்ததும் நேராக இங்கே வந்திருந்தாள்.

மணியை அழுத்தினாள். உள்ளே கரண்டி ஒன்று பாத்திர விளிம்பில் தட்டி ஓய்ந்தது. முள்ளங்கி வேகும் வாசனை கதவிடுக்கில் கசிந்து வந்தது. தொண்டையைச் செருமும் சத்தம், அதைத் தொடர்ந்து தரையில் தேய்த்துத் தேய்த்து நடக்கும் கால்கள், அவசரமே இல்லாமல், ஒவ்வொரு அடியையும் யோசித்து எடுத்து வைப்பதுபோல் நெருங்கி வந்து, கதவுக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டன. கதவு திறக்கவில்லை. மூச்சு மட்டும் கேட்டது.

பக்கத்து வீட்டுக்காரம்மாள் தெராதா, காய்கறிப் பையோடு லிஃப்டிலிருந்து வந்தாள்.

"கதொவாகி சாரையா பாக்க வந்தே?"

"ஆமாங்க. வீட்டுக்காரி நான்தான்."

"நீயா? யாரோ தொப்பை வெச்ச முதலாளியம்மான்னுல்ல நெனச்சேன்!" தெராதா அம்மாள் சிரித்தாள். "உள்ளதான் இருப்பாரு. காலையிலகூட பேசினாரே. வீட்டுக்காரம்மா எப்ப வருவாங்க, எப்ப வருவாங்கன்னு ஒரே நச்சரிப்பு. போ, நல்லாக் கதவத் தட்டு."

தெராதா அம்மாளின் கதவு மூடிக்கொண்டது. சிஹாரு அக்காவை அழைத்தாள்.

"அக்கா, கதொவாகி சார் உள்ளதான் இருக்காரு. கதவத் திறக்க மாட்டேங்கிறாரு."

"யாரு இருக்கா?"

"கதொவாகி."

"வெளையாடாதடி."

"நானா வெளையாடுறேன்?"

நட்சுமே பெருமூச்சு விட்டாள். "சரி, கேளு. அப்படி ஒரு ஆளே கெடையாது. அந்தப் பேர நான்தான் எழுதித் தபால் பெட்டியில ஒட்டினேன். வீடு காலியாக் கெடந்துச்சு. காலி வீட்ட எவன் வாங்குவான்? அதான் திரை மாட்டினேன். வாடகையும் கம்பெனிதான் போட்டுச்சு. எங்க தொழில்ல எல்லாரும் பண்றதுதான்."

"எல்லாருமா? கூடப் பொறந்தவளுக்குமா?"

"உன்னக் காலேஜுக்கு அனுப்ப ஸ்கூலோட வேலைக்குப் போனவ நான். அப்ப மட்டும் அக்கா இனிச்சேனா? மேனேஜர் கழுத்தப் புடிச்சாரு. நான் வேற யாருகிட்டப் போவேன்?"

"படிக்க வெச்சே. அந்தப் படிப்புல வந்த சம்பளத்தயே அடகு வெச்சுட்டே."

அக்கா அழவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. "சாவி கதவுக்குப் பக்கத்துல கேஸ் மீட்டர் பெட்டிக்குள்ள இருக்கு. நம்பர் பூட்டு," என்றாள். பிறகு தாழ்ந்த குரலில், "உன் பொறந்த நாள்தான் நம்பர்."

நம்பர் பூட்டு திறந்தது. சாவியை எடுத்தாள்.

ஓடியிருக்கலாம். ஆனால் உள்ளே யாருமில்லை என்றால் இந்த முப்பத்தைந்து வருடக் கடனும் அவள் தலையில்தான். திருடனோ, பைத்தியமோ, யாராவது இருக்கட்டும். போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, சாவியைத் திருப்பிக் கதவைத் திறந்தாள்.

பழக்கத்தில் செருப்பைக் கழற்றினாள். விளக்கு எரியவில்லை. நீலத் திரை வழியே வடிந்த சாயங்கால வெளிச்சத்தில், தரை முழுக்கத் தூசி. ஒரு கால் தடம் இல்லை. அடுப்பு இருக்க வேண்டிய இடத்தில் அடுப்பு இல்லை. முள்ளங்கி வாசனை இல்லை. புது வால்பேப்பரின் பசை நாற்றம் மட்டும்.

குளியலறை. காலி.

அலமாரி. காலி.

திரையை விலக்கினாள். கண்ணாடி. கீழே தெரு.

"பாத்தியா?" என்றாள் அக்கா. "யாரும் இல்லேல்ல?"

சிஹாரு இத்தனை வருடமும் நம்பிய ஒரே ஆள் இந்த அக்காதான். "யாராவது இருந்திருக்கக் கூடாதா," என்றாள். வாய்விட்டே சொன்னாள். "யாரா இருந்தாலும் சரின்னுதான் வந்தேன்."

பின்னால் பூட்டில் சாவி திரும்பியது.

சாவி அவள் கையில் இருந்தது.

"வந்துட்டேன்."

ஆண் குரல். களைத்த குரல். வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைகிறவர் சொல்வதுபோல.

அவள் திரும்பவில்லை. முடியவில்லை. ஒரு ஷூ கழன்றது. இன்னொன்று. தரையில் தேயும் கால்கள். அவசரமே இல்லை.

"சிஹாரு?" போனில் அக்காவின் குரல் நடுங்கியது. "வந்துட்டீங்களான்னு யாரடி கேக்குறே?"

அவள் யாரையும் எதுவும் கேட்கவில்லை. உதடுகள் மட்டும் திறந்திருந்தன. புன்னகைத்தபடி.

உடம்பு தானாகத் திரும்பியது. போன் விழுந்தது. இரண்டு கைகளும் முன்னால் நீண்டன, உள்ளங்கை மேலாக, இந்த வீட்டில் தினமும் செய்து பழகிய மனைவிபோல்.

எதிரே யாருமில்லை.

நீட்டிய கைகளின் மேல் ஒரு கோட்டின் கனம் இறங்கியது. உடம்புச் சூடு ஆறாமல்.