சீட்டுப் பக்கம் நசுங்கிய பெட்டி

கேக் கடையின் பின்னறையில் அப்போது நான்கு பேர் இருந்தார்கள். முதலாளி மேசைக்குப் பின்னால், கடிதத்தாளைக் கோணாமல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வேன் ஓட்டும் அத்தை அவருக்கு எதிரே, ஸ்டூலின் நுனியில். கேக் மாஸ்டர் மாவு மூட்டைமேல். பள்ளிக்கூடம் விட்டுத் தன் அத்தையிடம் வந்த மிளகு, கவிழ்த்துப் போட்ட பால் கூடைமேல். மிளகுக்குப் பத்து வயது. ஆள் சின்னது, பேச்சு சுருக்கென்று இருக்கும். அதனால் வீட்டில் அந்தப் பெயர்.

மேசைமேல் ஓர் அட்டைப்பெட்டி இருந்தது. அதன் ஒரு பக்கம் உள்ளே போயிருந்தது. கேக்கும் அந்தப் பக்கமாகவே நசுங்கிக் கிடந்தது. வாங்கியவர் கோபமாக ஒரு கடிதம் எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார்.

“இந்த வாரத்துல இது மூணாவது,” என்றார் முதலாளி. “சடார்னு பிரேக் போட்டா கேக் என்ன ஆகும்? நாளையிலிருந்து வேற ஆள் வேன் ஓட்டுவாங்கன்னு அவருக்கு எழுதிடறேன். எனக்கு வேற வழி தெரியல.”

அத்தையின் முகம் வாடிப்போனது. “நான் பிரேக்கை மிதிக்கிறதே இல்ல சார். தடவித்தான் கொடுக்கிறேன்.”

“தடவினதுக்கே இப்படியா?” என்று சொல்லிவிட்டு முதலாளி பேனாவைத் திறந்து எழுத ஆரம்பித்தார்.

மிளகு கூடையிலிருந்து எழுந்தாள். அந்த வேன் என்றால் அத்தைக்கு உயிர். ஏதாவது சொல்ல வேண்டும். என்ன சொல்வது? பெட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். நசுங்கிய பக்கத்தில், வாங்குபவர் பெயர் எழுதிய சீட்டு ஒட்டியிருந்தது.

“மாஸ்டர் மாமா, வேன்ல பெட்டியை ஏத்தும்போது சீட்டு எந்தப் பக்கம் இருக்கும்?”

“எப்பவும் பின்கதவைப் பாத்துத்தான். கதவைத் திறந்ததும் உங்க அத்தை படிக்கணுமே.”

“சார், பஸ்ல சடார்னு பிரேக் போட்டா நாம எந்தப் பக்கம் போவோம்?”

“முன்னாடி இருக்கிறவர் முதுகுல போய் மோதுவோம். இதென்ன கேள்வி?”

“பஸ் நின்னாலும் நாம போய்க்கிட்டே இருக்கோம், அதனாலதான். அப்ப பிரேக் போட்டிருந்தா பெட்டியும் முன்பக்கம்தானே போகும்? இது பின்கதவுல போய் மோதியிருக்கு.”

முதலாளியின் பேனா நின்றது. கொஞ்சம் யோசித்தார். “அப்ப வேகமாக் கிளப்பியிருப்பாங்க. அப்படின்னா பின்னாடிதான் போகும்.”

“நீங்களே வேனுக்குள்ள உக்காந்து பாருங்களேன் சார்.”

மாஸ்டர் ஒரு காலிப் பெட்டியில் சர்க்கரைப் பொட்டலம் ஒன்றை வைத்துக் கொடுத்தார். முதலாளி அதைத் தம் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வேனின் பின்பகுதியில், ஓட்டுநர் இருக்கையை ஒட்டித் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். கதவைத் தாழிட்டார்கள். கடைக்குப் பின்னால் இருக்கும் சந்து நல்ல மேடு. அத்தை ஓட்ட, வேன் அதில் மெல்ல ஏறியது. மிளகு கூடவே நடந்தாள்.

பாதி மேட்டில் உள்ளேயிருந்து ‘சர்ர்’ என்று ஒரு சத்தம். பிறகு ‘டம்’.

மேட்டைத் தாண்டி, சமதரையில் நிறுத்திக் கதவைத் திறந்தார்கள். பெட்டியும் முதலாளியும் ஒன்றாகக் கதவருகே வந்து சேர்ந்திருந்தார்கள்.

“எவ்வளவு வேகத்துல வந்தீங்க?” என்று அத்தையைக் கேட்டார் முதலாளி.

“நான் நடந்தேதான் வந்தேன் சார். ஓடவே இல்ல,” என்றாள் மிளகு.

முதலாளி தரையைத் தடவிப் பார்த்தார். பளபளவென்ற புதுத் தகடு. திங்கட்கிழமைதான் பதித்தது. கழுவச் சுலபம், பெட்டியைத் தொட்டாலே உள்ளே ஓடும் என்று சொல்லி அவரேதான் பதிக்க வைத்தார். முதல் கேக் நசுங்கியது செவ்வாய்க்கிழமை.

அவர் காது சிவந்துபோனது. மிளகுக்கே அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

“தகடு நல்ல தகடுதான் சார். பெட்டியைப் பிடிச்சு நிறுத்த அதுல உராய்வு போதல, அவ்வளவுதான். மேல ஒரு ரப்பர் விரிப்பு போட்டா நகராது. மாஸ்டர் மாமா காலுக்கடியில ஒண்ணு இருக்கு.”

“அது நான் வழுக்கி விழாம இருக்கப் போட்டது,” என்றார் மாஸ்டர்.

“நீங்க விழுந்தா எழுந்துக்குவீங்க மாமா. கேக் எழுந்துக்காது.”

முதலாளிக்கே சிரிப்பு வந்துவிட்டது. “உனக்கு நாளைக்கே புதுசு வாங்கித் தரேன்யா, எடு அதை.”

விரிப்பைப் போட்டு, அதே மேட்டில் இன்னொரு தடவை ஏறிப் பார்த்தார்கள். பெட்டி அசையவில்லை. முதலாளியும் அசையவில்லை. இருக்கையில் அத்தை விட்ட பெருமூச்சு வெளியே மிளகுக்குக் கேட்டது.

பின்னறைக்குத் திரும்பியதும் முதலாளி பாதி எழுதிய தாளைக் கிழித்தார். புதுத் தாள் எடுத்து, நிறுத்தி நிதானமாக எழுதி, உரக்கப் படித்தார்.

“ஐயா, தங்கள் கேக் நசுங்கியதற்கு எங்கள் ஓட்டுநர் காரணம் அல்ல. வேனில் வழுக்கும் தகடு பதித்த நானே காரணம். மன்னிக்கவும். புதிய கேக்கை அதே ஓட்டுநரிடம் கொடுத்து அனுப்புகிறேன்.”

“அதேங்கிற வார்த்தைக்குக் கீழ ஒரு கோடு போடுங்க சார்,” என்றாள் மிளகு.

கோடு போட்டார். தாளை மூன்றாக மடித்து உறையில் வைத்தார். விளிம்பில் பசை தடவி, கட்டைவிரலால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அழுத்தி ஒட்டினார். அத்தை அதைச் சட்டைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு, வேன் சாவியை எடுத்தார்.