பின்னறைக்கு ஒரு டிவி

ஆளில்லாத அறையில் மெத்தை சூடாக இருந்தது.

டிவி மாட்டச் சுவரை அளக்கப் போன பிரதீஸ், கட்டிலில் ஒரு கையை ஊன்றியபோதுதான் அதை உணர்ந்தான். கல்யாணம் முடித்து அவன் இந்த வீட்டுக்கு வந்த நாள் முதல் பின்னறையில் யாரும் படுத்ததில்லை. யன்னலுக்குப் பலகை அடித்திருந்தது, வாவிப் பக்கத்து ஈரம் சுவரில் பச்சையாய் ஏறியிருந்தது, சேற்று வாடையும் எண்ணெய்த் தலையணை வாடையும் சேர்ந்து மூக்கில் அடித்தன. அதற்குள் இந்தச் சூடு எங்கிருந்து வந்தது? பூனை படுத்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கையைச் சாரனில் துடைத்தான்.

பூனையை விட்டுத்தள்ளுங்கள், அவனுடைய தலையிடி மாமி அன்னப்பூரணிதான். மட்டக்களப்புப் பக்கத்தில் வீடு பெண்ணோடு போகும். மகளுக்குக் கல்யாணம் என்றால் தாய் வீட்டை எழுதிக்கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வாள், மாப்பிள்ளை உடுப்புப் பையோடு வந்து குடியேறுவான். அப்படித்தான் பிரதீஸும் கரடியனாற்றிலிருந்து செங்கலடிக்கு அப்பால் வாவிக்கரையில் இருந்த இந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தான். ஆனால் மாமி ஒதுங்கவில்லை. வீடு அவன் மனைவி விதுர்ஷாவின் பேருக்கு மாறிய பிறகும் ஹோலில் நல்ல கதிரை மாமிக்கு, குழம்பில் நல்ல துண்டு மாமிக்கு. அவனையோ சந்தையில் நண்டைப் புரட்டிப் பார்ப்பதுபோல் பார்ப்பாள். அவனுக்கு அவளைக் கண்ணில் காட்டக்கூடாது. பிள்ளை பிறப்பதற்குள் கிழவியைப் பின்னறைக்குள் தள்ளி, இந்த வீட்டுக்கு ஆம்பிளை யார் என்று காட்டிவிட வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான்.

பிறக்கப்போவது பெண்பிள்ளை என்று ஸ்கேனில் தெரிந்த அன்று, மாமி தானாகவே வழிக்கு வந்திருந்தாள்.

“பின்னறைக்கு ஒரு டிவி எடுங்க மருமகன். சின்னனா இருந்தாக் காணும். படம் எப்படியும் இருக்கட்டும், சத்தம் நல்லா வரோணும்.”

அவன் சந்தோஷத்தை மறைக்கப் படாதபாடு பட்டான். எப்படிப்பட்டது எடுக்கட்டும் என்று கேட்டதற்கு, விதுர்ஷா சோற்றுக் கோப்பையிலிருந்து தலை நிமிராமலே, உங்களுக்குப் பிடித்ததாகப் பார்த்து எடுங்கள் என்றாள். யார் பார்க்கப்போகிற டிவிக்கு யாருடைய பிடித்தம்! அவன் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டான்.

ஏறாவூரில் றிஸ்லானின் கடைக்குப் போனான். பெரிய டிவிகளின் பக்கம் தலையே வைக்கவில்லை. இருப்பதிலேயே சின்னதாக, இருப்பதிலேயே மலிவாக ஒன்று வேண்டும் என்றான். றிஸ்லான் நேர்மையான ஆள். இந்தத் தட்டை டிவிகளுக்குச் சத்தம் பின்பக்கத்தால் வரும், சுவரோடு ஒட்டி மாட்டினால் அமுங்கிவிடும் என்று விளக்கி, கீழ்ப்பக்கம் ஸ்பீக்கர் வைத்த ஒன்றை எடுத்துக் காட்டினான். விலை குறைந்தது, ஆனால் நேரே இருந்து பார்த்தால்தான் படம் தெரியும். கொஞ்சம் சரிந்து பார்த்தாலும் திரையிலுள்ள முகமெல்லாம் கறுத்துப்போகும்.

கட்டிலில் கிடந்து பார்க்கிற ஆளுக்கு இது தாராளம் என்றான் பிரதீஸ். மனதுக்குள், கறுத்த முகங்களைப் பார்த்துக்கொண்டே கிடக்கட்டும் என்று கறுவினான்.

பெட்டியைக் கட்டும்போதுதான் றிஸ்லான் அதைச் சொன்னான்.

“உங்கட மாமனார் கோணாமலையும் எங்கட வாப்பாட்டதான் டிவி எடுத்தவர். அந்தக் காலத்துப் பெட்டி டிவி. பின்னறைக்கு மாமி கேட்டவ எண்டு, உங்களப் போலதான், மலிவா ஒண்டு பார்த்து எடுத்துப் போனவராம். அதுக்குப் பொறகு ஆள வாப்பா காணவே இல்ல.”

கோணாமலை, விதுர்ஷா பிறந்த வருடம் காணாமல் போனவர். காலையில் வெளிக்கிட்டவர் திரும்பி வரவில்லை என்று மாமி சொல்லியிருந்தாள். நாடு இருந்த நிலையில், காணாமல் போன ஆம்பிளையைப் பற்றி ஊரில் யாரும் இரண்டாவது கேள்வி கேட்கவில்லை. பிரதீஸும் கேட்டதில்லை. இப்போதும் கேட்காமல், காசை எண்ணிக் கொடுத்துவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டான்.

ஓட்டோவில் வரும்போது மழை பிடித்துக்கொண்டது. வீட்டுக்குள் நுழையும்போது இருட்டிக்கொண்டு வரும் மைம்மல் பொழுது. தவளைகள் கத்தின, தகரத்தில் மழை கொட்டியது, ஹோலில் விளக்கு வைத்த சாம்பிராணிப் புகை தாழ்ந்து நின்றது. மாமி நல்ல கதிரையில் அப்படியே இருந்தாள். போவதற்கான ஆயத்தம் எதுவும் அவளிடம் இல்லை. பின்னறையைத்தான் கூட்டிக் கழுவியிருந்தார்கள். கட்டிலில் புது விரிப்பு, மூலையில் ஒரு தண்ணீர்க் குடம், ஒரு கோப்பை. தலைமாட்டில் சாரன்களை மடித்து வைத்திருந்தார்கள்.

அவனுடைய சாரன்கள்.

இது என்ன கூத்து என்று கத்தினான். அலுமாரி பிள்ளையின் சாமானுக்குத் தேவை என்றாள் விதுர்ஷா, வயிற்றைத் தடவிக்கொண்டே. மாமியின் உடுப்பைக் கொண்டுவந்து இங்கே வை, இனி அவவுக்கு இதுதான் இடம், ஹோல்பக்கம் தலை காட்டக்கூடாது என்று மாமிக்குக் கேட்கும்படியே சொன்னான். விதுர்ஷா புது விரிப்பின் சுருக்கத்தை நீவிவிட்டுப் போனாள். ஒரு சண்டையாவது பிடித்திருந்தால் அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

டிவியைச் சுவரில் மாட்டினான். அங்கே ஏற்கெனவே, பெட்டி டிவிக்குத் தட்டு அடித்த ஆணித் துளைகள் இருந்தன. முதுகுக்குப் பின்னால் கட்டில் கிரீச்சிட்டது. திரும்பினான். யாருமில்லை. விரிப்பு மட்டும் நடுவில் குழிந்திருந்தது.

வயரைச் செருகியதும் ஏதோ சோப்பு விளம்பரம் ஓடத் தொடங்கியது. மாமி கதவடியில் வந்து நின்றாள். கையில் றிமோட். சத்தத்தைக் கூட்டினாள். இன்னும் கூட்டினாள். ஸ்பீக்கர் கிழிகிற அளவுக்குக் கூட்டிவிட்டு, அவனை முதன்முதலாக அன்பாகப் பார்த்தாள்.

“இந்த வீட்டுக்கு ஒரு பொம்புளப் புள்ள வந்தா ஆம்புளைக்கு வேல முடிஞ்சி மனே. இது வழமதானே.”

கதவைச் சாத்தினாள். வெளியே தாழ்ப்பாள் விழுந்தது.

பாய்ந்து போய்க் கதவில் குத்தினான். உதைத்தான். விதுர்ஷா, விதுர்ஷா என்று தொண்டை கிழியக் கூப்பிட்டான். சோப்பு விளம்பரம் அவனைவிடப் பெரிதாகப் பாடியது. மழை. தகரம். அடுத்த வளவு வீட்டுக்கு ஒன்றும் கேட்காது. வாவிக்கும் கேட்காது.

சத்தத்தை நிறுத்த வேண்டும். வயரைப் பிடுங்கினான்.

திரை கறுத்தது.

கறுப்பில் பல்பு தெரிந்தது. அவன் முகம் தெரிந்தது. பின்னால் கட்டில்.

கட்டிலில் ஆட்கள்.

வரிசையாக இருந்தார்கள். சாரன் கட்டி. கைகளை மடியில் வைத்து. தோல் சுவரைப்போலப் பச்சை பிடித்து. கடைசியில் இருந்தவருக்கு முகமென்று சொல்ல எதுவும் மிச்சமில்லை. முன்னால் இருந்தவருக்கு விதுர்ஷாவின் மூக்கு. ஒருவரும் அவனைப் பார்க்கவில்லை. கறுத்துப்போன திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவனால் திரும்ப முடியவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் விதுர்ஷாவின் குரல், சோறு பரிமாறும்போது பேசுகிற அதே குரல், மெதுவாகச் சொன்னது:

“கொஞ்சம் அரக்கி இருங்க, அப்பா. இவருக்கும் இடம் வேணும்.”

கட்டில் கிரீச்சிட்டது. விதுர்ஷாவின் மூக்கோடு இருந்தவர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, மெல்ல அரக்கி நகர்ந்தார். மற்றவர்களும் அரக்கினார்கள். ஓரத்தில் ஒரு ஆளுக்கு இடம் வந்தது. அவர் அந்த வெறும் இடத்தை உள்ளங்கையால் தட்டிக் காட்டினார்.