நெடி இல்லாத எண்ணெய்

காலை ஆறு மணி. சிமெண்ட் ஆலையின் பெரிய மில் கடகடவென்று அலறி நின்றது. கியர்பாக்ஸைத் திறந்தபோது உள்ளே பற்கள் நொறுங்கிக் கிடந்தன.

முந்தின நாள் காலையில் அதற்குப் புது எண்ணெய் மாற்றியவர் ஆயில்மேன். "வேணும்னே தப்பான எண்ணெயை ஊத்திட்டான்" என்று மேனேஜர் புகார் கொடுத்தார். வேலை போவது நிச்சயம். ஜெயிலும் வரலாம்.

விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டர் ஆலைக் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். அப்பா இங்கே ஃபிட்டர். சின்ன வயதில் மில் ஓடும் சத்தத்தில்தான் அவளுக்குத் தூக்கம் வரும், நின்றால் விழித்துக்கொள்வாள். அப்பா போன பிறகு அவளை சைக்கிளில் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டவர்தான் இன்றைய ஃபோர்மேன். அவளுக்கு மாமா.

கியர்பாக்ஸ் எண்ணெயை விரலில் தொட்டு முகர்ந்தாள். நெடியே இல்லை.

"நேத்து மில்லை எப்பெப்ப நிறுத்துனீங்க, மாமா?"

"காலைல எண்ணெய் மாத்த. அப்புறம் மதியம் ஒரு தடவை. பெல்ட் சரியில்ல. எல்லாரையும் சாப்பிட அனுப்பிட்டு நானே பார்த்தேன்."

"ஆயில்மேன்?"

"அவனும்தான் போயிட்டான்."

உடை மாற்றும் அறையில் ஆயில்மேனின் நேற்றைய காக்கிச் சட்டை ஆணியில் தொங்கியது. முகத்தருகே கொண்டுபோனாள். கந்தக நெடி குப்பென்று அடித்தது. கண் கலங்கிவிட்டது. இதே நெடி அடிக்கும் அப்பாவின் சட்டையை அம்மா மூக்கைச் சுளித்துக்கொண்டு தனி வாளியில் ஊறவைப்பாள். அந்தச் சட்டையைக் கட்டிக்கொண்டுதான் இவள் தூங்குவாள்.

திரும்பி வந்தாள்.

"மாமா, இந்த மாதிரி பெரிய கியருக்கு ஊத்துற எண்ணெய்ல கந்தகம் இருக்கும். பல்லைத் தேயாம காப்பாத்துறதே அதுதான். ஆயில்மேன் சட்டையில அந்த நெடி இருக்கு. அவர் சரியான எண்ணெயைத்தான் ஊத்தியிருக்கார். கியர்பாக்ஸ்ல இப்ப இருக்குறது வேற எண்ணெய். நடுவுல மாத்தியிருக்காங்க. மில் ஓடும்போது மாத்த முடியாது. அப்புறம் நின்னது மதியம் மட்டும்தான். அப்ப இங்க இருந்தது நீங்க மட்டும்தான்."

ஃபோர்மேன் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அடுத்த ஃபோர்மேன் அந்த ஆயில்மேனாம். என் மாப்பிள்ளை எத்தனை வருஷமா காத்துக்கிட்டு இருக்கான்... மில் சூடாகி நின்னுடும், பழி அவன்மேல விழும்னு நினைச்சேன். பல்லே போயிடும்னு நினைக்கலம்மா."

அவள் வாசலில் நின்ற கான்ஸ்டபிளைக் கைகாட்டி அழைத்தாள்.

"உங்கம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதே."

"கேட்டா மறைக்க மாட்டேன், மாமா."

கான்ஸ்டபிள் விலங்கோடு முன்னால் வந்தார். அவள் அதைக் கையில் வாங்கிக்கொண்டாள். ஃபோர்மேனின் கைக்கடிகாரத்தைச் சற்று மேலே தள்ளிவிட்டு, வலிக்காதபடி அவளே பூட்டினாள்.